கேட்காமலே சொன்ன ஐந்து ஒன்பது

நேற்று காலை தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இன்டர்நெட் இணைப்புக் கொடுக்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். மொட்டை மாடியில் பழைய ஒயரை உருவிக்கொண்டிருந்தவர், கறுப்பாக ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார். செம்பு வாய் அகலத்துக்கு ஒரு கறுப்பு வளையம். அதற்குள் நுழைந்து நுழைந்து பத்துச் சுற்றுச் சுற்றிய நீல ஒயர். அதன்மேல் வெயிலில் இளகிப் பிசுபிசுத்த டேப்பும் காக்கை எச்சமும். “சார், இது என்ன, மாட்டுக்குக் கட்டுறதா? தூக்கிப் போட்டுடவா?” என்றார். கால்நடைப் பண்ணை இருக்கிற ஒரத்தநாட்டுக்காரர், மாட்டு ஞாபகம் வந்ததில் தப்பில்லை. போட வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். மூக்கருகே கொண்டுபோனால், பழைய டி.வி. பெட்டியின் முதுகைத் திறந்தால் வருமே, சூடான தூசி வாசனை, அது இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அந்த வாசனை என்னைப் பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் பின்னால் கொண்டுபோய்விட்டது. நீங்களும் கூட வாருங்கள், ரொம்ப தூரமில்லை.

அப்போது நான் அரிசி ஆலைகளில் எலெக்ட்ரானிக் எடைமேடை பழுது பார்க்கும் வேலையில் இருந்தேன். நெல் லாரி ஏறி நின்றால் உள்ளே இருக்கும் பெட்டியில் சிவப்பு எழுத்தில் எடை காட்டும், அந்த மேடை. அறுவடைக் காலத்தில்தான் அது தவறாமல் படுத்துக்கொள்ளும். பெரும்பாலும் எலி கடித்திருக்கும். நெல்லை விட்டுவிட்டு ஒயரைக் கடிக்கிற எலிகளின் ருசியை நான் இன்றுவரை புரிந்துகொள்ளவில்லை. ஆலைக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்க, அவிந்த நெல் வாசனைக்கு நடுவே மேடைக்கு அடியில் படுத்துக்கொண்டு, அந்த இயந்திரத்தை உண்மை பேச வைப்பது என் தொழில். ஐந்து கிலோ கூடக் காட்டினாலும் விடமாட்டேன். பகலெல்லாம் இப்படி அரிச்சந்திரனாக இருந்தவன், விடிந்ததும் முதல் வேலையாக ஒரு பொய் சொல்லிவிட்டுத்தான் பல் விளக்கினான் என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

எனக்கு அப்போது ஹாம் ரேடியோ பைத்தியம் உண்டு. பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, வீட்டில் ஒரு செட் வைத்துக்கொண்டு, உலகத்தில் இதே பைத்தியம் பிடித்த மற்றவர்களோடு வானொலி அலையில் பேசுவது. இதில் வியாபாரம் கிடையாது, விளம்பரம் கிடையாது. “கேட்கிறதா?” “கேட்கிறது.” பாதிப் பேச்சு இவ்வளவுதான். மாடியில் ஒரு மூங்கில், பக்கத்துக் காலி மனையில் ஒரு தென்னை, இரண்டுக்கும் நடுவே நீளமாக ஒரு செம்புக் கம்பி, அதுதான் ஆன்டெனா. அது வந்த புதிதில் எங்கள் நகர்க்காரர்கள் இடியை இழுக்கும் என்று பயந்தார்கள். பிறகு, ஒரு பக்கம் கயிறு அவிழ்ந்து தொங்கியபோது யாரோ அதில் பாவாடை காயப்போட்டார்கள். பயம் தெளிந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

தினமும் காலை ஆறரை மணிக்கு எனக்கு ஒரு ஆள் உண்டு. பெயர் சந்தானம். பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர், தேங்காய் மண்டி வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர், அதனால் நான் அண்ணே, அவர் தம்பி. அவருடைய செட் அவரே கையால் செய்தது. ஒரு சின்ன குண்டு பல்புக்குப் போகிற அளவு சக்திகூட அதற்குக் கிடையாது. அதை வைத்துக்கொண்டு அதற்குள் ஒன்பது வருஷமாக என்னோடு பேசிக்கொண்டிருந்தார். மேட்டூரில் தண்ணீர் திறந்தார்களா, வாய்க்காலில் கடைமடைக்கு வந்ததா, தென்னையில் வண்டு எப்படி இருக்கிறது, இவ்வளவுதான் பேச்சு. நடுவில் பின்னாலிருந்து, “காப்பி ஆறுது” என்று அவர் மனைவியின் குரல் வரும். “அண்ணி கூப்பிடுறாங்க, போங்க” என்பேன். நேரில் நாங்கள் பார்த்துக்கொண்டது இரண்டே முறை. இருவரிடமும் செல்போன் இருந்தது, ஆனால் அதில் பேசிக்கொள்ள மாட்டோம். ரேடியோவில் சொல்ல முடிந்ததைப் போனில் சொல்வது ஹாம்காரனுக்கு ஒரு கௌரவக் குறைச்சல்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எதிராளி குரல் எப்படிக் கேட்கிறது என்பதற்கு நாங்கள் இரண்டு எண் சொல்வோம். தெளிவுக்கு ஐந்து வரை, பலத்துக்கு ஒன்பது வரை. ஐந்து ஒன்பது என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்கிறது என்று பொருள். ஆனால் கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் யாராவது ரசத்தில் உப்பில்லை என்று சொல்கிறார்களா? அந்த மாதிரிதான் இதுவும். எப்படிக் கேட்டாலும் ஐந்து ஒன்பது சொல்லிவிடுவது எங்களுக்குள் ஒரு மரியாதை.

அந்த வருஷம் என் மனைவி வசந்தா வீட்டிலிருந்தே ஒரு வேலையில் சேர்ந்தாள். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்வதை இங்கே இவள் காதில் கேட்டு டைப் அடிக்க வேண்டும். விடிகாலை நாலு மணியிலிருந்து எட்டு வரை. காதில் ஹெட்போன், காலில் தையல் மெஷின் மாதிரி ஒரு மிதி. மிதித்தால் ஓடும், எடுத்தால் நிற்கும். மாடி அறையை அவளுக்கு ஆபீஸாக்கினோம். கீழே டெலிபோன் பக்கத்தில் இருந்த மோடத்திலிருந்து மாடிக்கு நீல ஒயர் இழுக்க வேண்டும். ஆள் கூப்பிட்டால் சுவரை ஓட்டை போடுவான் என்று நானே இழுத்தேன். மொட்டை மாடியைச் சுற்றி, ஏற்கனவே நட்டு வைத்த மூங்கில் இருக்கிறதே என்று அதிலேயே கட்டி, ஆன்டெனாவுக்கு இணையாகக் கொண்டுபோய் இறக்கினேன். வேலை சுத்தம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். மின்வெட்டுக் காலம் அது. வேலை நடுவில் லைன் அறுந்தால் அவளுக்குக் கெட்ட பெயர் என்று, மோடத்துக்கும் மாடி அறைக்கும் தனியாக ஒரு இன்வெர்ட்டரும் பெரிய பேட்டரியும் வைத்தோம்.

ஒரு வாரத்தில் என் ரேடியோவில் இரைச்சல் வந்தது. தட்டில் அரிசி புடைக்கிற சத்தம், ஆனால் நிற்காமல். மற்ற பலமான ஸ்டேஷன்கள் அதை மீறிக் கேட்டன. சந்தானம்தான் சின்ன செட்காரர், அவர் முழுக்க உள்ளே மூழ்கிப் போனார். காதைத் தீட்டிக்கொண்டால் அடியில் ஏதோ ஏறி இறங்குகிறது, யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், ஒரு வார்த்தை பிரியாது.

நான் அந்தத் தொழிலில் இருப்பவன் இல்லையா, முறைப்படி சோதனை செய்தேன். வீட்டு மெயினை அணைத்துவிட்டு, செட்டைக் கார் பேட்டரியில் ஓட்டினேன். இரைச்சல் அப்படியே இருந்தது. அப்படியானால் என் வீடு குற்றமற்றது, தெருதான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். பாக்கெட் ரேடியோவை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். எதிர்வீட்டுக்காரரை மீன் தொட்டியின் மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். கடைசி வீட்டில் கல்யாணத்துக்குப் போட்ட சீரியல் விளக்கைச் சந்தேகப்பட்டேன். மூலையிலிருந்த டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே நின்று ரேடியோவைத் தூக்கிப் பிடித்ததைப் பார்த்து ஒரு அம்மாள் தன் பேத்தியை உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காக ஊரெல்லாம் கரண்ட் நிறுத்துவார்களே, அன்றைக்கும் இரைச்சல் இருந்தது. ஊரில் ஒரு விளக்கு எரியவில்லை, ஆனாலும் இரைச்சல். அதோடு இது வானத்திலிருந்து வருவது, மனிதனால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன்.

சந்தானத்திடம் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். முதல் நாளே சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் ஒன்பது வருஷமாகக் கேட்ட குரலைக் கேட்கவில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. நாளை சரியாகிவிடும் என்று நினைத்து, “ஐந்து ஒன்பது அண்ணே, நல்லா கேக்குது” என்றேன். மறுநாளும் அப்படியே. அடியில் அந்த ஏறி இறங்கும் சத்தம் நின்றதும், அவர் முடித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு, “சரிதான் அண்ணே”, “ஆமாமா”, “நல்லது நல்லது, சந்தோஷம்” என்று எதற்கும் பொருந்துகிற மாதிரி ஏதாவது சொல்வேன். நான் பாட்டுக்கு மில் கதை, எலிக் கதை சொல்வேன். கடைசியில், “வீட்ல அண்ணியக் கேட்டதாச் சொல்லுங்க” என்று முடிப்பேன். இப்படி இரண்டு மாதம் ஓடியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், நான் தினமும் ஒன்று மறைத்தேன்.

பிறகு ஒருநாள் அந்த அடிச்சத்தமும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. வெளியூர் போயிருப்பார் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு அது ஒரு விடுமுறை மாதிரி இருந்தது. போன் செய்து கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால், “போன வாரமே சொன்னேனே தம்பி” என்பார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, அகப்பட்டுக்கொள்வேன். ஒரு பொய்க்காரனுக்குப் போனை எடுப்பதுகூட எவ்வளவு கஷ்டம் என்று அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன்.

பதினேழு, பதினெட்டு நாள் கழித்து ஆறரை மணிக்கு மறுபடி அந்த ஏறி இறங்கும் சத்தம். ரொம்பக் கொஞ்ச நேரம்தான் பேசினார். நின்றதும் நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். ஐந்து ஒன்பது அண்ணே, ரொம்ப சந்தோஷம், இத்தனை நாளா ஆளையே காணோமே, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா, வீட்ல அண்ணியக் கேட்டதாச் சொல்லுங்க என்றெல்லாம் கொட்டினேன். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. காப்பிக்கு எழுந்து போயிருப்பார் என்று நினைத்து செட்டை அணைத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கும்பகோணம் போக வேண்டியிருந்தது. அங்கே ராகவன் என்று ஒருவர், காப்பித்தூள் கடைக்காரர், அவரும் ஹாம்காரர். மைக்கை எடுக்கவே மாட்டார், கேட்பதோடு சரி. அவர் கடைத் தராசு தகராறு செய்கிறது என்று கூப்பிட்டிருந்தார். கொட்டை வறுபடுகிற வாசனையில் உட்கார்ந்து தராசைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் வழக்கமாகக் கொடுக்கும் காப்பியைக் கொடுக்கவில்லை. எதிரே வந்து நின்றுகொண்டே இருந்தார்.

“முந்தாநாள் காலையில சந்தானம் சார் என்ன சொன்னார்னு உங்களுக்குக் கேட்டுதா சார்?” என்றார்.

நான் பழக்கதோஷத்தில், “கேட்டுதே” என்றேன்.

“அவர் சம்சாரம் தவறிப்போயிட்டாங்க. பதினாறு முடிஞ்சுதுன்னு சொன்னார். அதுக்கு நீங்க சந்தோஷம்னு சொன்னீங்க.”

கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் தராசுக்குள் விழுந்து எங்கோ போய்விட்டது. அந்த இரண்டு மாதமும் தான் கேட்டுக்கொண்டிருந்ததாக மட்டும் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தராசையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தராசு சரியாகவில்லை. வேறு ஆளை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தங்கள் வேலையில் முதல் நாள் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். டாக்டர் சொன்ன வார்த்தை புரியவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட வேண்டும். எத்தனை காலி விட்டாலும் கேட்க மாட்டார்கள். ஊகித்து ஒரு வார்த்தை எழுதினால் வேலையை விட்டுப் போக வேண்டியதுதான். “கேக்கலேன்னா கேக்கலேன்னு சொல்றதுல என்னங்க குறைஞ்சு போயிடும்?” என்றாள். அப்புறம், “ஒரு நாள் அந்த ஹெட்போனை என்கிட்ட குடுத்திருந்தா நான் கேட்டுச் சொல்லியிருப்பேனே” என்றாள். அவள் காது இரைச்சலுக்குள் இருந்து பேச்சைப் பிரித்தெடுத்துச் சம்பாதிக்கிற காது. ஒரே வீட்டில், தலைக்கு மேலே இருந்தது. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் அவளே இன்னொன்றும் கேட்டாள். “மெயினை ஆஃப் பண்ணிப் பாத்தேன்னீங்களே, அப்ப என் மெஷின் ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு?”

தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டரில் மோடம் ஓடும், கம்ப்யூட்டர் ஓடும். ஊரே இருட்டாகக் கிடந்த நாளிலும் எங்கள் வீட்டு நீல ஒயர் மட்டும் உயிரோடு இருந்திருக்கிறது. வானத்திலிருந்து வந்த இரைச்சல் என் தலைக்கு மேல், நானே கட்டிய ஒயரில் இருந்தது. மீன் தொட்டிக்காரரிடம் இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

முதலில் பட்டுக்கோட்டைக்குப் போங்கள் என்றாள் வசந்தா. நான் கோழை. காதைச் சரிசெய்துகொண்டு போகிறேன் என்றேன். அந்த வாரம் முழுக்க, அவள் வேலை முடிந்த பிறகு எட்டு மணியிலிருந்து இருவரும் அதே வேலையாக இருந்தோம். நான் கீழே செட்டின் முன்னால் ஹெட்போனோடு. அவள் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மாட்டி, “இப்ப?” என்று மாடியிலிருந்து கத்துவாள். இன்வெர்ட்டரையும் சேர்த்து எல்லாவற்றையும் அணைத்தபோது வந்த அமைதியை என்னால் விவரிக்க முடியாது. மழை நின்ற மாதிரி இருந்தது. பிறகு மோடத்தின் தம்மாத்துண்டு கறுப்பு அடாப்டரை மாட்டியதும் பாதி இரைச்சல் திரும்பியது. அதைத் தூக்கிப்போட்டு, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த செங்கல் கனமான பழைய அடாப்டர் ஒன்றை அதே அளவு வோல்ட்டுக்குத் தேடிப் போட்டேன். மிச்சம் நீல ஒயரிலிருந்து. அதை மூங்கிலிலிருந்து அவிழ்த்து, ஆன்டெனாவை விட்டு விலக்கி, கீழ்ச்சுவரோடு கொண்டுபோனேன். அப்படியும் கொஞ்சம் மிச்சம். ஒயரை ஃபெரைட் என்கிற இரும்புக் கலவை வளையத்துக்குள் பல சுற்றுச் சுற்றினால் அதன் வழியே பரவுகிற இரைச்சல் அடங்கும் என்பது எனக்குத் தெரியும். வளையத்துக்கு எங்கே போவது? கீழவாசலில் டி.வி. மெக்கானிக் ஒருவர் கடை வாசலில் பழைய பிக்சர் டியூப் பெட்டிகள் குப்பையாகக் கிடந்தன. அந்த டியூபின் கழுத்தில் இருக்கும் கறுப்பு வளையம் அசல் ஃபெரைட். இரண்டு பாதியாகப் பிரியும், கிளிப் போட்டுச் சேர்க்கலாம். நாலு வாங்கி வந்து மோடத்தின் பக்கம் இரண்டு, மாடி முனையில் இரண்டு கட்டினேன். நேற்று இறங்கி வந்தது அதில் ஒன்று. வசந்தாவின் இன்டர்நெட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை. ரேடியோவில் சத்தத்தின் அளவைக் காட்டும் முள் கீழே படுத்துவிட்டது.

அடுத்த காலை ஆறரைக்கு ஹெட்போனை மாட்டினேன். அவ்வளவு சுத்தமான அலையை நான் அதுவரை கேட்டதில்லை. சந்தானத்தைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இரைச்சல் இருந்தவரை அவர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதாகவும் எனக்குத்தான் கேட்கவில்லை என்றும் நினைத்துக்கொள்ள முடிந்தது. இப்போது அந்தச் சாக்கும் போய்விட்டது. அவர் அங்கே இல்லை. அவர் பேசாததற்கு நான்தான் காரணம்.

அன்றைக்கே இருவரும் பஸ் ஏறினோம். துக்கம் கேட்கப் பெண்துணை இல்லாமல் போகக் கூடாது என்று வசந்தா லீவு சொல்லிவிட்டு வந்தாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனதுக்குள் எழுதிக்கொண்டே போனேன். வீட்டில் அவர் மட்டும்தான் இருந்தார். துக்கத்துக்கு வந்திருந்த மகள் சென்னைக்குத் திரும்பிவிட்டாள். கூடத்தில் மாலை போட்ட அண்ணியின் படம். காப்பி ஆறுது என்ற அந்தக் குரலுக்கு அப்படி ஒரு முகம் என்று அன்றுதான் நன்றாகப் பார்த்தேன். மேஜைமேல் செட்டை ஒரு துண்டு போட்டு மூடியிருந்தார். நான் எழுதிவைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

“அண்ணே, ரெண்டு மாசமா எனக்கு எதுவுமே கேக்கலை. கேட்ட மாதிரி பேசிட்டேன்.”

“தெரியும் தம்பி” என்றார்.

ஒருநாள் சந்தேகம் வந்து, அவர் தன் முறையில் மைக்கை எடுக்காமலே சும்மா உட்கார்ந்திருந்தாராம். இரண்டு நிமிஷம் கழித்து, வெறும் இரைச்சலையே அவர் பேச்சு என்று எண்ணி நானே, ஐந்து ஒன்பது, நல்லது நல்லது என்று ஆரம்பித்திருக்கிறேன். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. தெரிந்த பிறகும் ஏன் தினமும் வந்து பேசினீர்கள் என்று வசந்தாதான் கேட்டாள்.

“கேக்காதுன்னு தெரிஞ்சுதான்ம்மா பேசினேன். இன்னும் எத்தனை மாசம்னு டாக்டர் சொன்னதை அவகிட்டயும் சொல்ல முடியல, புள்ளகிட்டயும் சொல்ல முடியல. காலையில தம்பிகிட்ட சொல்லிட்டு எந்திரிச்சா அன்னிக்குப் பொழுது ஓடிரும்.”

படத்தின் பக்கம் திரும்பினார். “அன்னிக்கு அண்ணியக் கேட்டதாச் சொல்லுங்கன்னீங்கள்ல. செட்டை அமத்திட்டுப் போட்டோகிட்ட போயி சொன்னேன், தஞ்சாவூருத் தம்பி கேட்டாருன்னு. பதினாறு நாளா வந்தவங்க எல்லாம் எப்படிப் போனா, எப்பப் போனான்னுதான் கேட்டாங்க. அவளைக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்.”

நான் அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை, ஆறுதல் சொல்லப் போன வீட்டில் அவர் எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கும்படி அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு சும்மா இருந்திருக்கலாம். இப்போது இரைச்சலே இல்லை அண்ணே, உங்கள் குரல் பளிச்சென்று கேட்கும், திரும்ப வாருங்கள் என்றேன். “அப்படியா” என்றார். கொஞ்சம் கழித்து, “நல்லது” என்றார். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பதால் பேசாமல் எழுந்து வந்தோம். பஸ் ஒரத்தநாடு தாண்டியது. “இனிமே அவர் யார்கிட்டங்க சொல்லுவார்?” என்றாள் வசந்தா.

அந்தக் கேள்வியின் கனம் எனக்கு அப்போது தெரியவில்லை. ஒரு மாதத்தில் சந்தானம் திரும்ப வந்தார். நான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, “ஐந்து மூன்று அண்ணே, இருக்கிறபடி சொல்றேன்” என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தது தெளிவாகக் கேட்டது. மறுபடி தினமும் பேசினோம். மேட்டூர் தண்ணீர், வாய்க்கால், தென்னை வண்டு. அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் பேச்சை அந்தப் பக்கம் திருப்பினால் அவர் தேங்காய்க்குத் திருப்பிவிடுவார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று எல்லோரும் செவிடனைத்தான் கேலி செய்கிறார்கள், ஊதுகிறவனுக்கு அந்தச் செவிடன் வேண்டியிருக்கலாம் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

அந்த இரண்டு மாதமும் அவர் என்னிடம் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்பு எனக்கு விடவில்லை. அவரிடம் கேட்க தைரியமில்லை. கும்பகோணம் போய் ராகவனிடம் கேட்டேன். அவர் காப்பித்தூளைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, நம் உரிமத்தில் என்ன போட்டிருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். அடுத்தவருக்குச் சொன்ன செய்தி காதில் விழுந்தால் வெளியே சொல்லக் கூடாது என்று ஒரு விதி உண்டு, பரீட்சையில் நானும் எழுதியதுதான். “அது உங்களுக்குச் சொன்னது சார். நடுவுல நான் கேட்டதே தப்பு” என்றார். எனக்குச் சொன்னதை எனக்குச் சொல்வதில் என்ன தப்பு என்று வாதாடிப் பார்த்தேன். கேட்காத ஆளுக்குச் சொன்னதை இப்போது கேட்கிற ஆளுக்கு எப்படிக் கொடுப்பது என்றார். பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வருஷங்கள் போய்விட்டன. ஒரு புயலில் சந்தானத்தின் தோப்பு அடியோடு சாய்ந்தது, ஆன்டெனா கட்ட ஒரு மரம்கூட மிச்சமில்லை. மகள் அவரைச் சென்னைக்குக் கூட்டிப்போய்விட்டாள். வசந்தாவின் வேலையும் போயிற்று. இப்போது டாக்டர் பேசப் பேச இயந்திரமே எழுதிவிடுகிறதாம், காலி இடமே விடாதாம். ராகவன் போன வருஷம் மாரடைப்பில் காலமானார். கும்பகோணம் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். கடையை மகன் நடத்துகிறார், அவருக்கு ரேடியோவில் ஈடுபாடு இல்லை.

இந்த ஆவணியில் ஒருநாள் சந்தானத்தின் மகள் போன் செய்தாள். அப்பாவுக்கு ஞாபகம் ரொம்பத் தப்பிவிட்டது, யாரையும் அடையாளம் தெரியவில்லை என்றாள். அம்மாவையே மறந்துவிட்டார், படத்தைக் காட்டினால் யார் இது என்கிறார் என்று சொன்னாள். அப்புறம் கேட்டாள்:

“அம்மா கடைசியா இருந்த ரெண்டு மாசம் அப்பா தினம் காலையில உங்ககிட்டதான் பேசிக்கிட்டு இருந்தாராமே சித்தப்பா. எங்ககிட்ட ஒண்ணுமே சொல்லல. அம்மாவைப் பத்தி என்ன சொன்னாரு?”

ஏதாவது சொல்லியிருக்கலாம். உங்கம்மா மேல் உயிராக இருந்தார் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள், அது பொய்யாகவும் இருந்திருக்காது. வாய்வரைக்கும் வந்தது.

“எனக்குக் கேக்கலம்மா” என்றேன்.

லைனில் கொஞ்சம்கூட இரைச்சல் இல்லை, அங்கே அவள் மூச்சு விடுவதுகூட எனக்குத் துல்லியமாகக் கேட்டது.